நன்னீரில் அளந்து உவர்நீரில் விற்கின்றனர்

கைத்தொலைபேசி ஒன்றின் குணங்குற்றங்களை ஆராய்வது ஓர் அரசியல் வார ஏட்டின் பணியா என்று வினவுவோர் உளர். பணியே என்பது எமது விடை. அரிசியின் விலை அரசியல்; மண்ணெண்ணெயின் விலை அரசியல்; பசளையின் விலை அரசியல். அங்ஙனமாயின், கூலிக்கு உழைப்பவர் மூன்று மாதச் சம்பளத்தை முழுவதாக எடுத்து வைத்தாலன்றி வாங்க இயலாததும், வாங்காது விட்டால் பிள்ளையின் பாடமும் மத்திய கிழக்கில் உழைக்கும் தாயின் குரலும் வீட்டுக்குள் வாராததுமான ஒரு பொருள் அரசியலுக்குப் புறம்பாவது எவ்வாறு?

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோதே இதற்கு விடை கிடைத்துவிட்டது. கருவி இருந்த வீட்டுப் பிள்ளை படித்தது; இல்லாத வீட்டுப் பிள்ளை அயல் வீட்டு வாசலில் நின்றது. அன்று தொடக்கம் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் நாம் செல்லுமிடமெல்லாம், கூட்டம் கலைந்த பின்னர் எம்மை அணுகுவோர் கேட்பது பெரும்பாலும் தேர்தலைப் பற்றியதன்று. "எந்தப் போன் வாங்கலாம்?" என்றே கேட்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கூறிவந்ததை இன்று எல்லோருக்குமாக எழுதத் துணிந்தோம்.

மலிவான கருவி ஈராண்டில் மந்தமாகிவிடுகின்றது. விலையுயர்ந்த கருவியோ காணியை ஈடுவைத்தாலன்றிக் கைக்கு வாராது. ஆதலால் நம்மவர் கண் இடையில் நிற்கும் நடுத்தர விலைக் கருவியின் மீதே விழுகின்றது. அவ்வினத்துக்கு மாதிரியாக, 2024 மார்ச்சில் வெளிவந்த சம்சுங் கெலக்ஸி ஏ55 என்பதை எடுத்துக்கொள்கின்றோம். அதனிடத்து எமக்குத் தனிப்பற்று எதுவும் இல்லை. இவ்வினத்தின் நன்மையும் தீமையும் ஒரே உடம்பில் நன்கு தெரியும்படி அமைந்திருப்பதனாலேயே அதனைத் தேர்ந்தோம்.

முதலில் நன்மையைக் கூறுவதே நீதி. நண்பகல் வெயில் வாவி நீர்மேற் பட்டுத் தெறிக்கும் வேளையில் மலிவான கருவியின் திரை கருங்கண்ணாடியாகிவிடும். ஏ55 என்பதன் 6.6 அங்குலத் திரை வெயிலிலே தன் ஒளியை 1,000 நிட்ஸ் என்னும் அளவுக்கு உயர்த்திக்கொள்ள வல்லது. தோணியில் இருப்பவர் தலைப்பாகையை இழுத்து நிழல் செய்யாமலே பெயரையும் இலக்கத்தையும் வாசிக்கலாம். மின்கலம் 5,000 மில்லியம்பியர் மணி கொள்ளளவினது; அளவாகப் பயன்படுத்துவோருக்கு ஒரு பகலும் ஓர் இரவும் தாங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்டிலே இதனை ஆடம்பரம் என்று எவரும் கூறார். ஆயினும் ஒன்று: கோபுரம் தொலைவிலுள்ள ஊரில் கருவி அலையைத் தேடி உரத்துக் கூவவேண்டியிருக்கும், மின்கலமும் அதற்கேற்ப விரைந்து இறங்கும். நகரத்தில் இருந்து மதிப்புரை எழுதுவோர் கூறும் மணிக்கணக்கைப் படுவான்கரையார் அப்படியே நம்பலாகாது.

இவற்றினும் பெரிய நன்மை கண்ணுக்குத் தெரியாதது. கைத்தொலைபேசியை இயக்கும் மென்பொருளிலே திருடர் நாள்தோறும் ஓட்டை தேடுகின்றனர். கம்பனி அவ்வோட்டைகளை அடைத்துத் திருத்தங்களை அனுப்புகின்றது. திருத்தம் நின்றுபோன கருவி தாழ்ப்பாள் இல்லாத வீடு. வங்கிக் கணக்கைக் கைக்குள் வைத்திருப்பவருக்கு இது சிறிய செய்தியன்று. ஏ55 என்பதற்கு நான்கு தலைமுறை அன்ட்ரொயிட் மாற்றமும் ஐந்தாண்டுப் பாதுகாப்புத் திருத்தமும் தருவதாகக் கம்பனி வாக்களித்தது. 2025இல் அதன் பின்வந்த ஏ56 என்பதற்கு அவ்வாக்கு ஆறாண்டாக வளர்ந்தது. மலிவான கருவிகள் பலவற்றுக்கு இதிற் பாதிதானும் இல்லை.

ஆனால் வாசகர் இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்கவேண்டும். அந்த ஐந்தாண்டு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று. கருவி உலகச் சந்தைக்கு வந்த காலத்திலிருந்து எண்ணப்படுவது. 2024இல் வாங்கியவருக்கு ஐந்தாண்டு. 2026இல் அதே கருவியை வாங்குபவருக்கு மூன்றாண்டே மீதி. விலை குறைந்துவிட்டதென்று கடைக்காரர் மகிழ்ச்சியோடு எடுத்து நீட்டும்போது, ஆயுளும் குறைந்துவிட்டதென்பதை அவர் கூறுவதில்லை. பெரும்பாலும் அவருக்கே தெரியாது.

கமெராவைப் பற்றி அதிகம் கூற விரும்பவில்லை. ஏனெனில் கடையில் அதிகம் கூறப்படுவது அதுவே. 50 மெகாபிக்சல் என்கின்றனர். ரெட்மி நோட் 13 என்பதில் 108 மெகாபிக்சல் என்கின்றனர். 108 என்பது 50இன் இரு மடங்குக்கும் மேலாதலால் படமும் அவ்வளவு சிறந்தது என்று நம்மவர் கணக்கிடுகின்றனர். உண்மை யாதெனில், முன்னது நான்கு புள்ளிகளை ஒன்றாக்கியும் பின்னது ஒன்பது புள்ளிகளை ஒன்றாக்கியும் ஈற்றில் ஏறத்தாழ 12 மெகாபிக்சல் படத்தையே வழக்கமாகத் தருகின்றன. ஏ55 என்பதன் கை நடுக்கந் தாங்கும் கண்ணாடி அமைப்பு மங்கிய ஒளியில் உண்மையாகவே உதவும். அதன் 5 மெகாபிக்சல் நுண்கமெராவோ எண்ணிக்கையைக் கூட்டுவதற்கு வைக்கப்பட்ட பொம்மை. கோவிற் திருவிழாவையும் கலியாண வீட்டையும் படமெடுக்க இது தாராளம்.

இனி நீர். வாவிக் கரையில் வாழும் நமக்கு வழக்கின் மையம் இதுவே.

ஏ55 என்பது ஐ.பி. 67 என்னும் தரச்சான்று பெற்றது. முன்னுள்ள 6 தூசியைக் குறிப்பது. பின்னுள்ள 7 நீரைக் குறிப்பது. ஒரு மீற்றர் ஆழத்தில் முப்பது நிமிடம் வரை அமிழ்ந்திருந்தாலும் உள்ளே நீர் புகாது என்பது அதன் பொருள். கேட்பதற்கு நன்றாகவே இருக்கின்றது. ஆனால் எந்த நீரில்? ஆய்வுகூடத்துத் தொட்டியில் அசையாது நிற்கும் நன்னீரில். கடற்கரையிலும் நீச்சற் குளத்திலும் பயன்படுத்தவேண்டாமென்று கம்பனியே சிறிய எழுத்தில் எச்சரிக்கின்றது. ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் எமது வாவியோ மாரியில் நன்னீர் மிகுந்தும், முகத்துவாரத்தாற் கடல் புகுந்து கோடையில் உவர் ஏறியும் மாறிமாறி நிற்பது. உப்பு மின்னேற்றும் துவாரத்தின் உலோகத்தை அரிக்கும். துவாரம் ஈரமாயிருக்கையில் மின்னேற்றினால் அரிப்பு விரையும். மேலும், நீரைத் தடுப்பது பசையும் இறப்பர் வளையமுமே. அவை நாளடைவில் தளரும். ஒருமுறை கீழே விழுந்து கண்ணாடி உடைந்து, கடையிற் கழற்றிப் பூட்டப்பட்ட கருவிக்குப் பழைய காப்பு இருக்குமென்று எவரும் உறுதி கூற இயலாது.

ஆரையம்பதிப் பக்கத்து மீனவர் ஒருவர் எம்மிடம் ஒரு கருவியைக் கொணர்ந்து, "தம்பி, ஆத்துல விழுந்தாலும் ஒண்டும் செய்யாதெண்டு சொல்லித்தான் தந்தவனுகள்" என்றார். நம்மவர் வாவியை ஆறு என்றே வழங்குவர். அவர் வீச்சுவலை இழுக்கும்போது மடியிலிருந்து நழுவி இடுப்பளவு நீரில் விழுந்தது. மூன்று நிமிடத்தில் எடுத்துவிட்டார். கருவி அன்று பேசியது, மறுநாளும் பேசியது, எட்டாம் நாள் மின்னேற மறுத்தது. கடைக்காரர் உத்தரவாத அட்டையைத் திருப்பிக் காட்டினார். நீரால் நேரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருந்தது. நீருக்கு அஞ்சாது என்பது விற்கும்போது கூறும் சொல். நீருக்குப் பொறுப்பில்லை என்பது விற்ற பின்னர் காட்டும் எழுத்து. இவ்விரண்டையும் ஒரே பெட்டிக்குள் வைத்து விற்கும் துணிவை என்னென்பது!

ஆகவே தோணித் தொழிலாளருக்கு நாம் கூறுவது இது. ஐ.பி. 67ஐ மழைக்கும் தெறிக்கும் நீருக்கும் காப்பாகக் கொள்ளுங்கள்; வாவிக்குக் காப்பாகக் கொள்ளாதீர்கள். உவர்நீர் பட்டால் உடனே நன்னீரால் அலம்பித் துடைத்து, துவாரம் நன்கு உலர்ந்த பின்னரே மின்னேற்றுங்கள். கழுத்திற் கொழுவும் நீர்புகாப் பை ஒன்றின் விலை சிறிது, பயன் பெரிது.

குற்றங்கள் இன்னும் உள. பெட்டியைத் திறந்தால் மின்னேற்றி இல்லை, வடம் மட்டுமே. சுற்றுச்சூழலைக் காக்கவே இச்சிக்கனம் என்று கம்பனிகள் கூறுகின்றன. காக்கப்பட்ட செலவு யாருடைய பையில் விழுந்தது என்பதை அவை கூறவில்லை. காதிற் பொருத்தும் பழைய ஒலிவாங்கிக்கான துவாரமும் இல்லை. சிம் அட்டைத் தட்டிலே இரண்டாவது இடத்தில் ஒன்றேல் இன்னொரு சிம், ஒன்றேல் நினைவக அட்டை; இரண்டுக்கும் இடமில்லை. வாவியின் ஒரு கரையில் ஒரு கம்பனியின் அலையும் மறு கரையில் வேறொன்றின் அலையும் நன்றாக எடுப்பதால் இரண்டு சிம் வைத்திருப்போர் இங்கு மலிந்துள்ளனர். அவர்கள் நினைவக அட்டையைத் துறக்கவேண்டியதே. ரெட்மி நோட் 13 என்பதில் மின்னேற்றியும் உண்டு, காதுத் துவாரமும் உண்டு. ஆனால் நீர்க்காப்பு ஐ.பி. 54 என்னும் அளவோடு, அதாவது தெறிக்கும் நீரோடு, நின்றுவிடுகின்றது.

எம்மை மிகவும் வருத்தும் குறை வேறு. ஏ55 என்பதில் பண்பலை வானொலி இல்லை. இது கிழவர்களின் குறை என்று இளைஞர் நகைக்கலாம். 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப் போட்டதையும், 2004 டிசம்பர் 26இல் கடல் எழுந்ததையும் கண்ட மாவட்டம் இது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மின்சாரமும் வடங்களும் அறுந்து நாட்டின் பல பாகங்களில் தொலைபேசிக் கோபுரங்கள் ஓய்ந்தன. கோபுரம் ஓய்ந்தபோது இணையம் இல்லை. இணையம் இல்லாதபோது இலட்ச ரூபாக் கருவியும் கைவிளக்கே. வானொலி அலையோ ஊர்க் கோபுரத்தை வேண்டி நிற்பதன்று. முன்னர் மலிவான கைத்தொலைபேசிகளிலெல்லாம் இருந்த ஒரு சிறு வசதியை விலை கூடிய கருவியினின்று நீக்கிவிட்டு, அதனை முன்னேற்றம் என்று எமக்கு விற்கின்றனர்.

5ஜி பற்றியும் ஒரு சொல். கருவி 5ஜியை ஏற்கும் என்பது மெய். 4ஜி அலைக்கே வேலியோரம் சென்று கையை உயர்த்தி நிற்கும் ஊரவர் அவ்வெழுத்துக்காக ஒரு சதமேனும் கூடக் கொடுக்கவேண்டியதில்லை.

தமிழ் எவ்வாறு உள்ளது? திரையின் மொழியைத் தமிழாக்கலாம். கூகிள் விசைப்பலகையிலே குரலால் எழுதும் வசதியில் "தமிழ் (இலங்கை)" என்றொரு தெரிவும் உண்டு. எழுத்தறிவு குறைந்த தாய் வெளிநாட்டிலுள்ள மகனுக்கு வாயாற் கூறியே கடிதம் எழுதலாம். மட்டக்களப்புப் பேச்சில் அது சில இடங்களில் இடறினாலும் பயன் மறுக்கவொண்ணாதது. ஆயினும் நடுநிலை கருதி ஒன்று கூறவேண்டும்: இவ்வசதி நடுத்தர விலையாற் கிடைப்பதன்று. அன்ட்ரொயிட் இயங்கும் மலிவான கருவியிலும் இதே தமிழ் உண்டு. தமிழுக்காக அதிக விலை கேட்பவரை நம்பற்க.

விலைக்கு வருவோம். 2022 மார்ச் தொடக்கத்தில் அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபா. அவ்வாண்டு மே மாதத்தில் 360 ரூபா. 300 டொலர் பெறும் கருவி கம்பனி ஒரு சதமும் உயர்த்தாமலே 60,000 ரூபாவிலிருந்து 108,000 ரூபாவுக்கு ஏறியது. பின்னர் ரூபா ஓரளவு நிமிர்ந்து 300ஐ அண்டி நின்றது; கருவியும் 90,000க்கு இறங்கியிருக்கவேண்டும். ஆனால் அதற்குள் அரசாங்கம் புகுந்தது. அதுவரை விலக்களிக்கப்பட்டிருந்த கைத்தொலைபேசியின்மீது 2024 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம் 18 வீதம் பெறுமதி சேர் வரி விதிக்கப்பட்டது. 90,000 ரூபாக் கருவிக்கு வரி மட்டும் 16,200 ரூபா. தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025இல் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரி தொடக்கம் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. ஓர் ஏழைத் தொழிலாளி பிள்ளைக்குக் கருவி வாங்கினால் அரை மாதச் சம்பளத்துக்கு மேல் திறைசேரிக்குச் செல்கின்றது. கொழும்பிலே மூன்று இலட்சம் கொடுத்து வாங்குபவருக்கும் அதே 18 வீதமே. சமமாக விதிக்கப்பட்டது என்பர். கிளியும் யானையும் சமமாகச் சுமக்கவேண்டும் என்பது எவ்வகை நீதியோ அறியோம்.

இத்தனைக்குப் பின்னரும் வாங்கலாமா? வாங்கலாம்; எல்லோரும் அன்று. 90,000 ரூபாக் கருவி ஐந்தாண்டு உழைத்தால் ஆண்டுக்கு 18,000. 45,000 ரூபாக் கருவி ஈராண்டில் ஒய்ந்தால் ஆண்டுக்கு 22,500. உயர்தரம் படிக்கும் பிள்ளையும், வங்கிக் கணக்கும், வெளிநாட்டில் ஒருவரும் உள்ள குடும்பத்துக்கு, வீட்டுக்கு ஒன்றாக, புதிதாக வெளிவந்த நடுத்தரக் கருவியே ஈற்றில் மலிவானது. நாள் முழுதும் உவர்நீரில் நிற்பவருக்கு அது வேண்டியதில்லை. பேசுவதற்கு ஒரு சாதாரண கருவியும் பையும் போதும், மீதிப் பணம் வலைக்கு. தவணைக் கடனுக்கு எடுப்போர் மேற்சொன்ன கணக்கை நம்பவேண்டாம். வட்டி சேர்ந்தவுடன் அது தலைகீழாகிவிடும். நுண்கடன் இம்மாவட்டத்துப் பெண்களை என்ன பாடு படுத்திற்று என்பதை நாம் நீதிமன்ற வாசலிற் கண்டவர்கள். மகா போக அறுவடைப் பணம் கைக்கு வரும்வரை பொறுத்திருப்பதே மேல்.

வாங்கும் முறையிலும் சட்டம் உண்டு. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, தனக்கு இன்ன தேவைக்குப் பொருள் வேண்டுமென்று விற்பவருக்கு அறிவித்து அவர் திறமையை நம்பி வாங்குபவருக்கு, பொருள் அத்தேவைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்னும் நிபந்தனையைத் தானாகவே எழுப்பிக் கொடுக்கின்றது. ஆனால் வணிகப் பெயரைக் கூறி அதையே தா என்று வாங்கினால் அப்பாதுகாப்பு எழாது. ஆகவே "ஏ55 ஒன்று தாருங்கள்" என்று கேளாதீர்கள். "நான் தோணியிற் செல்பவன், அதற்கு ஏற்றது எது?" என்று, கூட ஒருவர் கேட்கும்படி, கேளுங்கள். கடைக்காரர் எதை எடுத்துக் கொடுக்கின்றாரோ அதற்கு அவர் பொறுப்பாளியாவார். பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுக. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். பணம் கொடுக்குமுன் *#06# என அழுத்தி வரும் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிற் பதிவானதா என்பதை 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பி அறிக. பதிவில்லாக் கருவி பின்னர் அலையற்றுப் போகக்கூடும்.

அதிகாரசபையிடமும் எமக்கு ஒரு கேள்வி உண்டு. அச்சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருளின்மேல் என்ன அச்சிடப்படவேண்டும் என்று கட்டளையிடும் அதிகாரத்தை உங்களுக்குத் தந்திருக்கின்றது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 தொடக்கம் பாதுகாப்புத் திருத்தம் எதுவரை கிடைக்கும் என்பதைக் கம்பனி அறிவித்தே விற்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 தொடக்கம் இத்திருத்தத்தை ஆண்டுக் கணக்கில் வழங்குவதும் உதிரிப்பாகங்களைக் கிடைக்கச்செய்வதும் சட்டக் கடமை. அதே கம்பனிகள் அங்கு பணிந்து செய்வதை இங்கு செய்யச் சொல்வதற்கு உங்களைத் தடுப்பது எது? பெட்டியின் மேல் திருத்தம் முடியும் ஆண்டு அச்சிடப்படட்டும். நீர்ச்சேதத்துக்குப் பொறுப்பில்லை என்னும் வாசகம் ஐ.பி. 67 என்னும் வாசகத்துக்குப் பக்கத்தில், அதே பருமனான எழுத்தில், தமிழிலும் சிங்களத்திலும் அச்சிடப்படட்டும். குறித்த விலைக்குக் கீழ்ப்பட்ட கருவிக்கு வரிவிலக்கு மீள வேண்டும் என்பது பாராளுமன்றம் செய்யவேண்டியது. அட்டையில் எழுத்தை மாற்றுவதற்குப் பாராளுமன்றம் வேண்டியதில்லை.

அதுவரை, உத்தரவாதத்துக்கு மாறான பொருளைப் பெற்றவர் வாய்மூடி இருக்கவேண்டியதில்லை. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடலாம். பொருளைப் பெற்ற மூன்று மாதத்துக்குள் முறையிடவேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்குக் கிழக்கில் தமிழை நிருவாக மொழியாக்கியிருப்பதால் முறைப்பாட்டை ஆங்கிலத்தில் எழுதவேண்டுமென்று எவரும் கட்டாயப்படுத்த முடியாது. எழுத இயலாதோர் பற்றுச்சீட்டையும் அட்டையையும் எடுத்துக்கொண்டு எம்மிடம் வருக. தமிழிலேயே எழுதி அனுப்புவோம்.